மொழியா, நிலமா? – தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு தரும் விடை

இளங்கலை வகுப்பின் இறுதிப் பருவம் தொடங்கியதும் ஆசிரியர் அறையின் வாயிலில் மாணவர் சிலர் தயங்கி நிற்பதைக் காண்பது வழக்கம். அவர்தம் வினா ஆண்டுதோறும் ஒன்றே. மேற்படிப்பில் மொழியையும் இலக்கியத்தையும் கற்பதா? அன்றி, ஒரு நிலப்பகுதியின் வரலாறு, மக்கள், தொழில், வழக்காறு ஆகிய அனைத்தையும் ஒருசேர ஆராயும் வட்டார ஆய்வியலின்பால் செல்வதா? எது வேலைக்கு உதவும் என்பது அவ்வினாவின் மேற்பரப்பு. தான் யார், தன் ஊர் எது, அதனை அறிவதற்கு வழி யாது என்பது அதன் ஆழம்.

நாம் வாழும் இவ்வெல்லைப் பகுதியில் அவ்வினா இன்னும் கூர்மையுடன் எழுகிறது. ஓசூரின் தொழிற்பேட்டைகளுக்குத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், கருநாடகம், ஆந்திரம், வடமாநிலங்கள் ஆகியவற்றிலிருந்தும் மக்கள் வந்து குடியேறியுள்ளனர். சூசூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறதே தவிர, சந்தையில் கேட்கும் பேச்சு அவ்வளவாக மாறுவதில்லை. கிருட்டிணகிரியின் ஒரு தெருவில் தெலுங்கும், அடுத்த தெருவில் உருதுவும், அதற்கடுத்த தெருவில் தமிழும் வீட்டு மொழிகளாக விளங்குகின்றன. இக்கட்டுரையாளனின் வீட்டிலும் முதலில் ஒலித்தது உருதுவே. தமிழ் பள்ளியில் கிட்டிய செல்வம். இத்தகைய மண்ணில் மொழியைத் தேர்ந்தெடுப்பது என்றால் எந்த மொழியை? நிலத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் எம்மொழியின் வழியாக?

இவ்வினாவிற்கு நூலறிவால் விடை கூறுவதினும், ஒருவரது வாழ்வால் விடை கூறுவது பொருத்தமாகும். அவர் நம் ஊரினர் அல்லர். நம் சமயத்தவரும் அல்லர். ஈழத்தில் பிறந்து, உரோமில் பயின்று, நெல்லைச் சீமையில் தமிழ் கற்று, மலேயாவில் பேராசிரியராக விளங்கி, தமிழாராய்ச்சியை உலக அரங்கில் ஏற்றிய சேவியர் தனிநாயகம் அடிகளாரே அவர்.

பிறப்பும் இளமையும்

யாழ்ப்பாணத் தீவகத்தைச் சார்ந்த ஊர்காவற்றுறைக்கு அருகில் கரம்பொன் என்னும் சிற்றூரில் 1913ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள் 2ஆம் நாள் அடிகளார் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். சேவியர் என்பது அவருக்கு இடப்பெற்ற பெயர். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அக்காலத்து உயர் பள்ளிகளில் ஆங்கிலமே ஆட்சி செய்தது. வீட்டில் பேசும் தமிழ் வீட்டோடு நின்றது. அறிவின் மொழியென மதிக்கப் பெற்றது ஆங்கிலமே. ஆகவே, பிற்காலத்தில் தமிழின் தூதுவராக உலகை வலம் வந்த அவர், தம் இளமையில் தமிழிலக்கியத்தை முறையாகக் கற்றாரில்லை.

துறவு வாழ்வை விரும்பிய அவர் 1931இல் கொழும்புப் புனித பெர்னாது குருமடத்தில் சேர்ந்தார். 1934இல் உரோம் நகரத்து உர்பன் பல்கலைக் கழகத்திற்குச் சென்றார். 1938இல் குருப்பட்டம் பெற்றார். ஆப்பிரிக்காவின் வடகரையில் பண்டைக் காலத்தில் விளங்கிய கார்த்தேசு நகரத்துக் குருமாரைப் பற்றி ஆராய்ந்து இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, செர்மானியம், இசுபானியம், போர்த்துகீசியம் என மொழிகள் பல அவர் வயமாயின. முப்பது வயது நிறைவதற்கு முன்பே ஒருவர் அடையத்தக்க கல்வியனைத்தையும் அவர் அடைந்துவிட்டார் என்றே எவரும் எண்ணியிருப்பர்.

வடக்கன்குளத்தில் நேர்ந்த திருப்பம்

1940இல் அடிகளார் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்திற்கு வந்து, புனித தெரசாள் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் பணியேற்றார். அவரது வாழ்வின் திசை மாறியது இச்சிற்றூரிலேயாம். மேலை நாட்டு இலக்கியங்களை மூலமொழியில் படித்துச் சுவைத்தவர், தம் தாய்மொழியின் தொன்னூல்களைத் தாம் அறியாதிருத்தலை அங்கே உணர்ந்தார். உணர்ந்ததோடு அமையாமல், குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் கற்கத் தொடங்கினார்.

இதனை எளிதாகக் கருதிவிடலாகாது. முனைவர் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு ஒருவர், ஓர் ஊர்ப் பண்டிதரின் முன் ஏடு விரித்து அமர்வதற்குக் கல்விச் செருக்கு முற்றும் அற்றிருத்தல் வேண்டும். கற்பித்தவர் ஒரு சமயத்தவர். கற்றவர் மற்றொரு சமயத்தவர். இடையே நின்றது மொழி ஒன்றே. தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் இத்தகைய உறவுகள் பலவாயினும், இவ்வொன்றின் விளைவு மிகப் பெரிது. தம் முன்னோர் வழிவந்த தனிநாயகம் என்னும் தமிழ்ப் பெயரை அவர் தமதாக்கிக் கொண்டதும் தமிழகத்து வாழ்வின்போதேயாம்.

பண்டிதரிடம் பயின்றது போதும் என அவர் நின்றுவிடவில்லை. 1945இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். தம்மினும் இளையவர்களோடு வகுப்பறையின் பலகையில் அமர்ந்து சங்க இலக்கியம் பயின்றார். முதுகலைப் பட்டம் பெற்ற பின்னர் அங்கேயே தங்கி, பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்னும் பொருளில் ஆராய்ந்து 1949இல் எம்.லிட். பட்டமும் பெற்றார். இவ்வாய்வேடு பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்து, நிலக்காட்சியும் கவிதையும் எனப் பொருள்படும் தலைப்பில் 1966இல் மறுபதிப்பும் கண்டது.

திணையே ஆய்வின் திறவுகோல்

அவ்வாய்வின் பொருளை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நம் மாணவர் வினாவிற்கு முதல் விடை அதனுள் பொதிந்துள்ளது. சங்கப் பாடல்களை அடிகளார் சொல்லழகிற்காக மட்டும் படித்தாரில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தைப் பகுத்து, ஒவ்வொரு நிலத்தின் மரம், பறவை, விலங்கு, பொழுது, தொழில் ஆகியவற்றை மாந்தரின் அக உணர்வோடு இணைத்த புலவர்தம் நெறியை அவர் ஆராய்ந்தார். கிரேக்க, இலத்தீன் செய்யுள்களில் இயற்கை பெறும் இடத்தோடு அதனை ஒப்பிட்டார்.

இங்கே மொழிப் படிப்பு எங்கே முடிகிறது, நிலப் படிப்பு எங்கே தொடங்குகிறது? பிரித்தறிய இயலாது. திணை என்னும் சொல்லுக்கு அகராதிப் பொருள் மட்டும் அறிந்தவன் குறிஞ்சிப் பாட்டின் உயிரை அறியான். மலையையும் தினைப்புனத்தையும் மட்டும் கண்டவன், அம்மலை ஒரு மொழியில் பெற்ற பொருளை அறியான். நிலத்தை மொழியாலும் மொழியை நிலத்தாலும் விளக்கிய இலக்கியத்தை உடையோர் நாம். அவ்விலக்கியத்தை ஆராயப் புகுந்தவர் பின்னாளில் இருதுறைக்கும் பாலமானதில் வியப்பில்லை.

இதழும் ஏடும்

1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை அடிகளார் நிறுவினார். அதன் பின்னர் அமெரிக்கா, ஐரோப்பா, கீழ்த்திசை நாடுகள் எனப் பயணம் செய்து தமிழ் இலக்கியத்தையும் பண்பாட்டையும் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். சென்ற இடமெங்கும் அவர் கண்டது ஒன்றே: இந்தியாவைப் பற்றி ஆராயும் துறைகள் இருந்தன, ஆயின் அவற்றுள் தமிழுக்கு இடம் அரிதாகவே இருந்தது. பிறர் அறியாமையைப் பழித்துப் பயனில்லை என்பதை உணர்ந்த அவர், அறிவிக்கும் வழியை நாடினார். 1952இல் தமிழ்ப் பண்பாடு என்னும் பொருள்படும் பெயரில் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். தமிழ் அறியாத அறிஞர்க்குத் தமிழை அறிமுகம் செய்த அவ்விதழில் இலக்கியம், மொழியியல், தொல்லியல், வரலாறு, சமுதாயவியல் ஆகிய அனைத்தும் அருகருகே இடம்பெற்றன. அவ்வாண்டிலேயே தமிழ்த் தூது என்னும் அவரது தமிழ் நூலும் வெளிவந்தது.

1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக் கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராகப் பணிபுரிந்தார். தமிழ் கற்றவர் தமிழ்த்துறையில் அன்றிக் கல்வியியல் துறையில் பணிபுரிந்தது கருதத்தக்கது. அங்கும் தமிழ் அவருக்குத் துணை நின்றது. பழந்தமிழ் இலக்கியத்தில் காணப்பெறும் கல்விச் சிந்தனைகளை ஒப்பியல் நோக்கில் ஆராய்ந்து, 1957இல் இலண்டன் பல்கலைக் கழகத்தின் முனைவர் பட்டத்தைப் பெற்றார். இலக்கியச் சான்றினைக் கொண்டு ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுப்பியமை அவ்வாய்வின் சிறப்பு.

இதே காலத்தில்தான் அவர் ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய தமிழ் ஏடுகளைத் தேடினார். 1554இல் இலிசுபன் நகரில், தமிழை உரோமன் எழுத்தில் பெயர்த்து அச்சிட்ட சிறு சமய நூல் ஒன்று உண்டு. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் உண்டு. இத்தகைய தொடக்க கால அச்சு நூல்களைப் பற்றி அடிகளார் எழுதினார். அந்தாம் தெ புரோவென்சா என்னும் போர்த்துகீசியக் குரு தொகுத்து, அவர் மறைவிற்குப் பின் 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பெற்ற தமிழ்–போர்த்துகீசிய அகராதியை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலிருந்து பதிப்பித்தார்.

இக்கண்டெடுப்பின் பின்னணியை மாணவர் உற்று நோக்குதல் நலம். தமிழ் மட்டும் அறிந்தவர் அந்நூலகத்தின் உள்ளே நுழைந்திருக்க இயலாது. போர்த்துகீசியமும் இலத்தீனும் மட்டும் அறிந்தவர் நுழைந்திருப்பினும், அவ்வேட்டின் அருமையை முழுதும் உணர்ந்திருக்க இயலாது. கடலோர மக்களின் வரலாறும், அச்சுக்கலையின் வரலாறும், மொழியறிவும் ஒருவரிடத்தே கூடியமையால் அன்றோ அவ்வேடு வெளிச்சம் கண்டது!

மலேயாவில் எழுந்த வழக்கு

இனி, நம் வினா ஒரு நாட்டின் பொது வழக்காகவே எழுந்த வரலாற்றைக் காண்போம். அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை ஒன்றை அமைக்க 1950களில் முயற்சி நடந்தது. துறையின் பெயரே நிலத்தைக் குறித்தது; இந்தியா என்னும் பரந்த நிலத்தின் வரலாறும் பண்பாடும் அதன் பாடங்கள். ஆயின் அந்நிலத்தை எம்மொழி வழியாகக் கற்பது? வடமொழியே அடிப்படையாதல் வேண்டும் என்னும் கருத்து முன்வைக்கப் பெற்றது. தென்கிழக்காசிய நாடுகளின் பழங்கல்வெட்டுகளிலும் சமயத்திலும் வடமொழியின் சுவடு மிகுந்திருத்தலால், அக்கருத்திற்கும் அதற்குரிய நியாயம் இருந்தது என்பதை மறுத்தல் ஆகாது.

எனினும், அந்நாட்டில் வாழ்ந்த இந்தியருள் பெரும்பான்மையினர் தமிழர். இரப்பர்த் தோட்டங்களிலும் துறைமுகத்திலும் இருப்புப் பாதையிலும் உழைத்தவர். அவர்தம் மக்கள் பல்கலைக் கழகத்தின் வாயிலை அடையும்போது, தம் மொழி அங்கே இல்லையெனின் அத்துறை யாருக்காக? இவ்வினாவைத் தமிழ் முரசு இதழின் நிறுவனர் கோ. சாரங்கபாணி உரக்க எழுப்பினார். தமிழ் எங்கள் உயிர் என்னும் பெயரில் நிதி திரட்டப் பெற்றது. எளிய தொழிலாளரும் தம்மால் இயன்ற சிறு தொகையை அதற்கு வழங்கினர். 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் அடிப்படை மொழியாக இடம்பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூர் வளாகத்திற்குரியதாயிற்று.

1961இல் தனிநாயகம் அடிகளார் அத்துறையின் பேராசிரியராகவும் தலைவராகவும் பொறுப்பேற்றார். அதற்கு முன்னர் இலங்கையில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சி மொழியாக்கியபோது, தமிழர்தம் மொழியுரிமைக்காக எழுத்தாலும் பேச்சாலும் குரல் கொடுத்தவர் அவர். மொழி ஒரு மக்களின் வாழ்வில் பெறும் இடத்தை அவர் நூலில் மட்டும் கற்றவரல்லர்.

1969 வரை அவர் அத்துறையில் பணிபுரிந்தார். வடமொழியா தமிழா என்னும் பழைய வழக்கை வளர்ப்பதில் அவர் காலத்தைச் செலவிடவில்லை. தமிழை அடித்தளமாக வைத்து, அதன்மேல் வரலாறு, சமுதாயம், கலை ஆகியவற்றைக் கட்டும் நெறியை மேற்கொண்டார். தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலை 1966இல் தொகுத்து வெளியிட்டார். அயல்நாடுகளில் எங்கெங்குத் தமிழாய்வு நிகழ்கிறது என்பதைத் திரட்டி 1968இல் ஒரு தொகுப்பு நூலைக் கொணர்ந்தார். பட்டியல் தொகுத்தல் புகழ் தரும் பணியன்று. அதனைச் செய்பவர் தமக்காகச் செய்வதில்லை; அடுத்து வருபவர்க்காகச் செய்கிறார்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம்

1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புதுதில்லியில் உலகக் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த தமிழறிஞர்களையும் தமிழில் ஈடுபாடுடைய அயல்நாட்டறிஞர்களையும் ஒன்றுகூட்டி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவுவதில் அடிகளாரும் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியமும் முன்னின்றனர். பிரெஞ்சு அறிஞர் சான் பிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்களாயினர்.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. மலேசியாவின் தலைமையமைச்சர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆய்வாளர் வந்தனர். மலாய் முசுலிம் தலைவர் ஒருவர் தொடங்கி வைக்க, கத்தோலிக்கக் குரு ஒருவர் அமைக்க, பன்னாட்டறிஞர் கூடித் தமிழை ஆராய்ந்த அக்காட்சி நம் கல்லூரி போன்ற நிறுவனங்கட்கு ஊக்கம் தருவதாகும். இரண்டாம் மாநாடு 1968இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக விளங்கிய காலத்தில் சென்னையிலும், மூன்றாம் மாநாடு 1970இல் பாரிசிலும் நிகழ்ந்தன.

நான்காம் மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் கூடியது. அதன் இறுதி நாளில் பெருந்திரளாக மக்கள் கூடியிருந்தபோது காவல்துறையின் நடவடிக்கையால் உயிரிழப்பு நேர்ந்தது. தம் பிறந்த மண்ணில், தாம் வித்திட்ட மாநாட்டில் நேர்ந்த அத்துயரத்தை அடிகளார் காண நேர்ந்தது. மொழி ஆராய்ச்சி என்பது நூலகத்தின் நான்கு சுவர்க்குள் அடங்கும் செயலன்று. மொழி பேசும் மக்களின் வாழ்வும் சாவும் அதனோடு பிணைந்துள்ளன என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

தம் வாழ்வின் இறுதியாண்டில், 1980இல், தந்தை செல்வா நினைவுச் சொற்பொழிவாகத் தமிழியல் ஆய்வு கடந்து வந்த பாதையையும் இனிச் செல்ல வேண்டிய வழியையும் பற்றி அவர் உரையாற்றினார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் யாழ்ப்பாணத்தில் இயற்கை எய்தினார். அப்போது அவர்க்கு அகவை அறுபத்தேழு. அடுத்த நான்கு திங்களில் மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியபோது அடிகளார் இல்லை.

அவரது வாழ்வில் ஒரு குறையும் உண்டு எனக் கூறுதல் நேர்மையாகும். அவர்தம் ஆய்வுகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தன. உலகிற்குத் தமிழை அறிவித்தல் அவர் நோக்கமாதலின் அது வேண்டியிருந்தது. ஆயின் அதன் விளைவாக, தமிழ் மாணவருள் பலர் அவரை மாநாடு கண்டவராக அறிவரேயன்றி, நூல்வழி அறிந்தாரில்லை. மாநாடுகளின் ஊர்வலங்கள் நினைவில் நிற்கின்றன. ஆய்வேடுகள் அலமாரியில் நிற்கின்றன. இக்குறையை நீக்குதல் நம் கடன்.

நம் மண்ணில் இவ்விடையின் பொருள்

அடிகளாரின் வாழ்வை நம் எல்லைப் பகுதிக்குக் கொணர்ந்து பார்ப்போம். நம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களுள் பள்ளி என முடிவன உள்ளன. அள்ளி என முடிவனவும் உள்ளன. வட்டாரம் ஆராய்பவர் இவற்றை வரைபடத்தில் குறிக்கலாம். ஆயின் பழங்கன்னடத்தின் பகரம் பிற்காலத்தில் ஹகரமாக மாறியது என்னும் மொழியியல் செய்தியை அறிந்தவரே, பள்ளியும் ஹள்ளியும் ஒரு சொல்லின் இரு நிலைகள் எனக் காண்பர். தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு ஆவதும், பல் ஹல்லு ஆவதும் அவ்விதியாலேயே. கன்னடத்தில் புதிய ஊர் எனப் பொருள்படும் ஓசூரின் பெயரிலுள்ள ஹொச என்பதும் பழங்கன்னடத்தில் பொச என வழங்கியதே. நம் புது என்னும் சொல்லின் உறவு அது. ஊர்ப்பெயர்ப் பலகை ஒன்றைப் படிப்பதற்கே இரு கல்வியும் வேண்டியுள்ளது!

வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் செல்வோம். ஜில்லா, தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, பசலி, கிஸ்தி ஆகிய சொற்கள் அரபு, பாரசீக மொழிகளின் வழி வந்தவை. மைசூர் ஆட்சியின் கீழிருந்து 1792இல் கிழக்கிந்தியக் கும்பினியிடம் சென்ற பாராமகால் பகுதியின் வருவாய் வரலாறு அச்சொற்களில் உறைந்துள்ளது. நில ஆவணத்தை ஆராயும் மாணவர்க்கு அவை வெறும் அலுவலகச் சொற்கள். வீட்டில் உருது பேசும் நம் மாணவர்க்கோ அவை பழகிய முகங்கள். தம் வீட்டு மொழியைத் தடையெனக் கருதி நாணும் மாணவர், அதுவே தம் மண்ணின் வரலாற்றைத் திறக்கும் சாவிகளுள் ஒன்று என்பதை அறிதல் வேண்டும்.

இரும்பை உருக்கும் ஆலைகள் மிகுந்த இம்மாவட்டத்தில், மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப் பெற்றது. அம்மண்ணடுக்கின் காலத்தைக் கணித்தது அறிவியல். அம்மண்ணின் மாந்தரைப் பற்றி எண்ணத் தொடங்கினால், ஊர்தோறும் நிற்கும் நடுகற்களையும், அவற்றைப் பாடிய சங்கச் செய்யுளையும் நாடாமல் இயலாது.

இசுலாமியத் தமிழிலக்கியமும் இந்நெறிக்குச் சான்றாகும். ஈழத்து அறிஞர் ம. மு. உவைசு, முசுலிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை ஆராய்ந்து 1950களில் நூலாக்கினார். 1973இல் திருச்சி சமால் முகமது கல்லூரியில் இசுலாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. காயலையும் கீழக்கரையையும் அறியாமல் சீறாப்புராணத்தின் சூழலை அறிதல் அரிது. கடல் வாணிகத்தை ஆராய்பவர் அக்காப்பியத்தைத் தொடாமல் அம்மக்களின் உள்ளத்தை அறிதலும் அரிது.

ஒரு மாணவியின் தேர்வு

சில ஆண்டுகட்கு முன் இவ்வினாவோடு வந்த மாணவி ஒருத்தி நினைவிற்கு வருகிறாள். தந்தை ஊர்தி உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவுப் பணியாளர், வீட்டில் தெலுங்கு. தமிழில் முதல் மதிப்பெண் பெற்றவள். அவள் தமிழ் முதுகலையைத் தேர்வாள் என யான் உறுதியாக எண்ணியிருந்தேன். அவளோ வரலாற்றைத் தேர்ந்தாள். தன் பாட்டி பாடும் தெலுங்குப் பாடல்களுக்கும் தன் ஊருக்கும் உள்ள உறவை அறிய விரும்புவதாகக் காரணம் கூறினாள். எனக்குச் சிறிது வருத்தமே. தமிழ்த்துறை ஒரு நல்ல மாணவியை இழந்தது என வீட்டிலும் கூறிக் கொண்டேன்.

மறு ஆண்டு அவள் ஒரு நடுகல்லின் படியோடு வந்து, அதிலுள்ள ஒரு பழந்தமிழ்ச் சொல்லின் பொருளைக் கேட்டாள். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அகராதியைப் புரட்டினோம், நடுகற்களைப் பாடும் புறநானூற்றுப் பாடல்களைப் புரட்டினோம், அச்சொல்லுக்கு உறவான கன்னடச் சொல் உண்டா எனக் கன்னடம் அறிந்த நண்பர் ஒருவரிடமும் வினவினோம். அன்று மாலை வரை அவ்வொரு சொல்லோடு அமர்ந்திருந்தோம். இருபது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன், தன் ஊரின் எல்லையில் நிற்கும் கல்லை அதுவரை ஒருநாளும் சென்று பார்த்ததில்லை என்பதை அன்றே உணர்ந்தேன். அவள் துறை மாறியதால் தமிழ் எதையும் இழக்கவில்லை. இழந்திருந்தவன் யானே.

மாணவச் செல்வங்களே! பட்டச் சான்றிதழில் ஒரு துறையின் பெயரே இடம்பெறும். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆதல் வேண்டும். உம் உள்ளம் சொல்லின்பால் செல்லுமாயின் மொழியைத் தேர்க. மக்களின்பால் செல்லுமாயின் நிலத்தைத் தேர்க. இரண்டும் நல்வழியே. ஆயின் மொழியைத் தேர்ந்தவர் ஆண்டிற்கு ஓர் ஊரையேனும் நடந்து கண்டு, அதன் பெயரையும் கல்லையும் வழக்காற்றையும் குறித்து வைத்தல் வேண்டும். அண்டை மொழி ஒன்றின் எழுத்தையேனும் கற்றல் வேண்டும். நிலத்தைத் தேர்ந்தவர் அந்நிலத்து இலக்கியத்தை மூலத்தில் படிக்கும் ஆற்றலை விட்டுவிடலாகாது; மொழிபெயர்ப்பை மட்டும் நம்பும் வரலாறு பிறர் கண்ணால் தன் ஊரைக் காண்பதாகும்.

பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். தொழிற்சாலை வேலை உடனடியாகக் கிடைக்கும் இவ்வூரில், மொழியோ வரலாறோ கற்க விரும்பும் பிள்ளையை வீணாகிறான் என எண்ண வேண்டா. ஆலைகள் ஊதியம் தரும். அவ்வூதியம் பெறும் மக்கள் யாவர், எங்கிருந்து வந்தனர், எவ்வாறு ஒருவரோடொருவர் கூடி வாழ்கின்றனர் என்பதை எழுதி வைக்கவும் சிலர் வேண்டும்.

முப்பத்திரண்டாம் வயதில் மீண்டும் மாணவரான தனிநாயகம் அடிகளார், மொழியைக் கற்று நிலங்களை இணைத்தார். நம் மாணவர் இந்த ஒரு நிலத்தையேனும், அது பேசும் மொழிகள் அனைத்தோடும் கற்பாராயின், அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.